இருபது பச்சைப் புடவைகள்

ஞாயிறு, இரவு.

ஸ்ரீரங்கத்தில் கொழுந்தன் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. ஜெயித்துவிட்டேன்!

போட்டோவுக்காக வீட்டுப் பெண்கள் இருபது பேருக்கும் ஒரே மாதிரி பச்சைப் புடவை எடுக்கலாம் என்று நாத்தனார் மாலதி சொன்னபோது நான்தான் தடுத்தேன். "ஒரு நாள் கட்டிட்டு மூலையில போடற புடவை எதுக்கு? அவங்கவங்க பீரோவுல இருக்கற பச்சையையே கட்டுவோம்." மாமியார் ஒத்துக்கொண்டார். மாலதிதான் மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை.

காலையில் மண்டபத்தில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எல்லாம் ஆசையாக வாங்கிப் பூட்டி வைத்தவை. போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு, "ரொம்ப அழகா இருக்குங்க, யார் ஐடியா?" என்று கேட்டார்.

மாலதிதான் மண்டபத்துக்கே கேட்கும்படி, "எங்க அண்ணியோடது!" என்றாள்.

பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இது என் வளைகாப்புப் புடவை அண்ணி. அப்புறம் கட்டவே இல்ல. நல்லா இருக்கா?"

"உனக்குன்னே நெய்த மாதிரி இருக்கு மாலு."

தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. புடவையை மாற்றத்தான் மனசு வரவில்லை.