கேக் பெட்டி மூடியில் ஓர் உயில்

ஜூன் 3

என் செல்லப் பாப்பாவுக்கு,

சின்னத்தை எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன். அக்கா இல்லாத வீட்டில் எப்படி இருக்க முடியுமோ அப்படி. அதை விடு, இது அழுகிற கடிதம் இல்லை. போனில் பேசினால் உன் குரல் அவள் குரல் மாதிரியே இருக்கிறது, பாதியிலேயே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் சந்தோஷத்தில் என்று வைத்துக்கொள்.

நேற்று காலையில் கடை திறந்து ரொட்டியை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் பன் வாங்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்க்கிறார். "இதை இடிச்சா நம்ம கடையோட சேர்ந்துரும்" என்கிறார், நான் ஒருத்தி நிற்பதே தெரியாத மாதிரி.

"யாரைக் கேட்டு அளக்குறீங்க?" என்றேன்.

"வாரிசு வெளிநாட்டுல இருக்காங்க, அவங்ககிட்ட பேசிக்குவோம். நீங்க இங்க வேலைக்கு இருந்தவங்கதானே, உங்களுக்கு எதுக்கும்மா கோபம்?"

வேலைக்கு இருந்தவள்! பாப்பா, எனக்கு வந்ததே ஆத்திரம். அக்கா போனதிலிருந்து அவள் அலமாரியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நிமிஷம் வந்தது. முக்காலியைப் போட்டு ஏறி, கேக் அச்சுகளுக்குப் பின்னால் கையை விட்டு, அவள் எழுதின உயிலை எடுத்துக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இந்தாங்க, படிங்க. கண்ணாடி வேணும்னா தர்றேன்."

"என்னம்மா, கேக் பெட்டி மூடியில எழுதியிருக்கு!"

"எதுல எழுதினா என்ன, எழுத்து ஓடிருமா?"

கொத்தனார் சிரித்துவிட்டார். அவர் நல்ல மனுஷன், இரண்டு பன் வாங்கிக்கொண்டு போனார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், போன தடவை நீ அங்கிருந்து லீவுக்கு வந்திருந்தபோது எழுதியதுதான். காகிதம் கசங்கும், அட்டைதான் நிற்கும் என்று அவளே மூடியைக் கிழித்து எழுதினாள். "கடையும் மாடி வீடும், என்னோடு இந்த அடுப்பில் வெந்தவளுக்கே" என்று எழுதி, பக்கத்தில் என் முழுப்பெயர். நீ கல்லாவில் உட்கார்ந்து வெண்ணெய் தடவிய பன் தின்றுகொண்டிருந்தாய். பால்காரர் கூடையை இறக்கினார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சிக்கு அவரைக் கூப்பிட்டாள். நான் குறுக்கே விழுந்தேன். "நானும் போடுவேன், நான்தான் முதல்ல போடுவேன்!"

எனக்கு எழுதத் தெரியும் பாப்பா, மூன்றாம் வகுப்பு வரை போனவள். ஆனால் எந்த ஆபீசில் போய் நின்றாலும் என் முகத்தைப் பார்த்ததும் மைப்பெட்டியைத் தள்ளிவிடுவார்கள், கட்டை விரலை நீட்டு என்று. ஆயுசில் ஒரு காகிதத்திலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குத்தான் போட்டேன். போட்டு முடிக்கவும் உள்ளே பன் கருகுகிற வாசனை, அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

இந்தக் கடை நிற்கும் பாப்பா! பன் அக்கா கடை என்று ஊர் சொல்கிற வாய் அப்படியே சொல்லும். பிள்ளைக்கு என் முத்தம்.

அடுப்படியிலிருந்து உன்
சின்னத்தை

ஜூன் 19

அன்புச் சின்னத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். மருந்துக்கடைக்காரர் முகத்தை நினைத்து நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழுந்துவிட்டான். முக்காலியில் எல்லாம் ஏறாதீர்கள், விழுந்தால் யார் பார்ப்பது? அத்தை இருந்தால் இதற்கே ஒரு பாட்டு விழுந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அட்டையை யாரிடமும் காட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நாமே எழுதுகிற உயிலில் ஏதாவது ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் வம்புதான் என்கிறார்கள். நல்ல வக்கீலாகப் பார்த்துக் காட்டுங்கள். என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன், சந்தோஷப்பட்டார். கட்டடம் அத்தை பெயரில்தானே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடைக்காரி பட்டினி கிடந்தால் யார் ரொட்டி வாங்குவார்கள்?

உங்கள்
பாப்பா

ஜூலை 8

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. பாதியில் மூடி வைத்துவிடாதே.

வக்கீலம்மாவைப் பார்த்தேன். சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. அறை முழுக்கக் கட்டுக் கட்டாகக் காகிதம், உட்கார ஒரு நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்தாள். அட்டையைக் கண்டதும் சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "அட்டையில எழுதினாலும் செல்லும்மா. சுயபுத்தியோட எழுதி, சாட்சி முன்னால கையெழுத்துப் போட்டா போதும்" என்றாள். எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. அடுத்து விரலை வைத்துக் கேட்டாள், "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்!" என்றேன், என்னவோ பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோம்மா. சொத்து உங்களுக்கு. சாட்சியும் நீங்களேவா?"

"ஏன், எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

"யாருக்கு எழுதியிருக்கோ அவங்க சாட்சி போடக் கூடாதும்மா. நம்ம சட்டப்படி ரெண்டு வெளியாள் வேணும். உங்களை விட்டுட்டா பால்காரர் ஒருத்தர்தான் மிச்சம். ஒரு சாட்சி போதாது. உயில் இருக்கும், ஆனா உங்களுக்குக் குடுத்தது நிக்காது. ரத்த சொந்தத்துக்குப் போயிரும்."

ரத்த சொந்தம் என்றால் நீ. உன்னை விட்டால் அக்காவுக்கு வேறு யார்?

எனக்குக் கண் இருட்டிவிட்டது. அக்கா எனக்கு நீட்டியதை நானே தட்டிவிட்டேனே! அதுவும் எப்படி, ஆசையாக! வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தாள். குடிக்கிறேன், அவள் அட்டையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். "இருங்க இருங்க. கீழ ஓரத்துல இன்னொண்ணு இருக்கே, இது யாரு?"

பாப்பா, எனக்கு மயிர்க்கால் சிலிர்த்தது! நான் அதைப் பார்த்ததே இல்லை. எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், கோழி கிளறின மாதிரி ஒரு கிறுக்கல், கீழே சுழித்து ஒரு வால். அதே வால் உன் கடிதத்திலும் இருக்கிறது. பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் பார்த்தோம்.

நான் அடுப்படிக்கு ஓடின பிறகு நீ போட்டிருக்கிறாய், அப்படித்தானே? உனக்கு உயிலில் ஒன்றும் எழுதவில்லை, அதனால் நீ வெளியாள் கணக்கு. பால்காரரும் நீயும் சேர்ந்தால் இரண்டு, என்னுதை இல்லாததாக விட்டுவிடலாம் என்கிறாள். பால்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் கையெழுத்துக்கு அவர் சம்சாரம் வந்து சொல்வார். "ஆனா இவங்க கையெழுத்தை நீங்க சொல்லக் கூடாது. அவங்கதான் அங்க அதிகாரி முன்னால சத்தியம் பண்ணி அனுப்பணும். அத்தை கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், நானும் போட்டேன்னு" என்றாள்.

சொன்னால் கடை எனக்கு. சொல்லாவிட்டால் உனக்கு. அதையும் அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள், நானும் உன்னிடம் மறைக்கவில்லை.

சீக்கிரம் எழுது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் மாவில் கை வைப்பதே இல்லை.

உன்
சின்னத்தை

ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்கு யோசித்து இதை எழுதுகிறேன்.

அன்று நான் ஊரிலிருந்து கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். எதில் கையெழுத்திட்டேன், எதில் இடவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஞாபகம் இல்லாத ஒன்றுக்குச் சத்தியம் செய்வது சரியாகாது அல்லவா? சட்டப்படி எப்படிப் போகிறதோ அப்படியே போகட்டும் என்று வீட்டில் நினைக்கிறோம்.

நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். உங்கள் காலம் முழுவதும் மாடியில் தாராளமாக இருக்கலாம். யாரும் உங்களை வெளியேற்ற மாட்டார்கள். கீழே உள்ள இடத்தை மட்டும் மருந்துக்கடைக்காரருக்கு விடலாம் என்று உத்தேசம். இந்த வயதில் நெருப்பின் முன்னால் நின்று நீங்கள் சிரமப்படத் தேவையில்லை. ஓய்வெடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும் மருமகள்

ஆகஸ்ட் 17

பாப்பாவுக்கு,

"அம்மா அவர்களுக்கு" என்று பார்த்ததும் தபால்காரரைக் கூப்பிட்டு, இது வேறு யாருக்கோ வந்தது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர்தான் உறையைப் பார்த்து "உங்களுக்குத்தாங்க" என்றார். கையெழுத்து உன்னுது, பேச்சு உன்னுது இல்லை. பக்கத்தில் ஒருத்தர் சொல்லச் சொல்ல எழுதின எழுத்து எனக்குத் தெரியும். கடிதாசி முடிவில் வாலைக் கூடக் காணோம்.

நான் கெஞ்சப் போவதில்லை, பயப்படாதே. எனக்கு ஓய்வு வேண்டாம். ஓய்வெடுத்தால் அவள் நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். மாவு பிசைந்தால் கை வலிக்கும், கை வலித்தால் தூக்கம் வரும். கீழே மாத்திரை விற்கிற வீட்டில் மாடியில் நான் என்ன செய்ய? தருமத்துக்கு ஒரு கட்டிலில் படுத்துக்கொள்ள நான் எதற்கு இங்கே இருக்க வேண்டும்? அவள் கொடுத்தால் அது என் வீடு. நீங்கள் விட்டுவைத்தால் அது சத்திரம்.

ஞாபகம் இல்லை என்றால் அதை வக்கீலம்மாவுக்கு எழுது. எனக்கு எழுதாதே. எனக்கு எழுதும்போது பிள்ளைக்குப் பல் முளைத்ததா, ராத்திரி தூங்குகிறானா, அதை எழுது. அதில் எல்லாம் சட்டம் கிடையாது.

உன் மேல் எனக்குக் கோபம் ஆறிவிடும். என் மேல்தான் ஆறவில்லை. எத்தனையோ வருஷம் சும்மா கிடந்த விரலுக்கு அன்றைக்கு என்ன அவசரம்? சும்மா நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அவள் சொன்ன சொல் நின்றிருக்கும். பெரிய படிப்பாளி மாதிரி பேனாவைப் பிடுங்கினேனே. படுத்தால் அதுதான் கண் முன்னால் வருகிறது. அக்கா அங்கிருந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தார்கள், நோயாளிகளுக்குத் தினமும் நம் ரொட்டிதான் வேண்டுமாம்! கடை யாருக்கு என்று தெரிகிற வரைக்கும் சரி என்று சொல்லக் கூடாது. எனக்கு வாய் நிற்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு முதல் சுமை போயிற்று. பெட்டியை ஏற்றிவிட்டதும் திரும்பி, "அக்கா, பார்த்தியா!" என்று கத்திவிட்டேன். வண்டிக்காரர் பயந்துபோனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னத்தை

செப்டம்பர் 5

என் சின்னத்தைக்கு,

முதலில் பிள்ளை சமாச்சாரம். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. கடிக்கிறான். ராத்திரி தூங்குவதில்லை.

இன்று காலை அதிகாரி முன்னால் போய்ச் சத்தியம் செய்து, முத்திரை வாங்கி, உங்கள் வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். கடை உங்களுக்கு. வீட்டுக்காரர் என்னுடன் பேசுவதில்லை, பேசாவிட்டால் வீடு அமைதியாக இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்வோம். போன கடிதம் நான் எழுதியதே இல்லை என்று சொல்லத்தான் ஆசை. அவர் சொன்னார், எழுதியது என் கைதான். அதற்காக உங்கள் காலில் விழ வேண்டும், ஊருக்கு வந்து விழுகிறேன்.

ஞாபகம் இல்லை என்றேனே, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் உங்கள் மேல் கோபம் என்று எழுதியதைப் படித்த பிறகு இதை மறைக்க என்னால் முடியவில்லை.

நீங்கள் அடுப்படிக்கு ஓடியதும் பால்காரர் போட்டார். உடனே அத்தை என்னைப் பார்த்து, "பன்னைக் கீழ வைடி. கையைத் துடைச்சிட்டு வா, நீயும் ஒண்ணு போடு" என்றாள்.

"அதான் ரெண்டு ஆச்சே அத்தை?" என்றேன்.

குரலைத் தணித்துக்கொண்டாள். "அவ போட்டது செல்லாதுடி. யாருக்கு எழுதுறோமோ அவங்க போடக் கூடாதாம், விசாரிச்சுதான் வெச்சிருக்கேன்."

"அப்ப முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"அவ முகத்தைப் பார்த்தியா நீ? நாக்கைத் துருத்திக்கிட்டு, மூச்சுவிடாம போடுறா. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? அவ ஆசைக்கு அவ போட்டுக்கட்டும். சட்டத்துக்கு நீ போடு."

"நான் போட்டா எனக்கு ஒண்ணும் கிடையாதே அத்தை" என்று விளையாட்டுக்குக் கேட்டேன். "உனக்குத்தான் பன்னு குடுத்தேன்ல, எழுந்து வா" என்றாள்.

அதனால் சின்னத்தை, நீங்கள் எதையும் தட்டிவிடவில்லை. நீங்கள் பேனாவைப் பிடுங்கியதை அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், உங்களுக்காக அங்கேயே ஒரு வழியும் செய்து வைத்துவிட்டாள். நான்தான் அந்த வழியில் கல்லைப் போட்டேன், நானே எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. எல்லாம் முடிந்ததும் பால்காரர் மூடியை எடுத்து மடிக்கப் போனார். அத்தை அவர் கையில் ஒரு அடி வைத்தாள். "தொடாதீங்க, அவ போட்டது இன்னும் காயல" என்று சொல்லி, குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள்.

உங்கள்
பாப்பா