கச்சானுக்கு முன்னால் ஒரு மைனஸ்

மே 6, 2025

கச்சான் தொடங்கிவிட்டது. மேற்கே வயல்வெளியெல்லாம் தாண்டி வருகிற காற்று, அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. கரண்டும் இல்லை. கல்முனையில் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்தால் இப்படித்தான் வேக வேண்டும். முதலாளி அக்ரம் நானா ஜன்னலில் ஈரச் சாரன் ஒன்றைத் தொங்கவிட்டு, "ஏசி போட்டாச்சி" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஸாஜித்தைத் தவிர.

நாங்கள் செய்வது போனில் விளையாடுகிற ஒரு விளையாட்டு. ஒரு தோணி கரையை விட்டுப் போய் மீன் பிடித்துக்கொண்டு, காற்று தள்ளுவதைச் சமாளித்துத் திரும்பி வரவேண்டும். இடப்பக்கம் கரை, வலப்பக்கம் கடல். எங்கள் ஊர் கிடக்கிற கிடையேதான்.

ஸாஜித்தை மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்த்தபோது அக்ரம் நானா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இவன் என் வாப்பாவின் தங்கை றாஹிலா மாமியின் மகன். போன வருடம் உம்மா எனக்காக மாப்பிள்ளை கேட்டுப் போனது இவனைத்தான். மாமி சொன்ன பதில் சாய்ந்தமருது முழுக்கப் பரவியது: "நபீலாட வாய்க்கு என்ட மகன் தாங்கமாட்டான்."

தாங்குகிறானா பார்ப்போம்.

மே 9

இன்று முதல் அடி. ஸாஜித் எழுதிய தோணி நேரே போவதைவிட மூலைவாட்டில் வேகமாகப் போகிறது. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

வெக்டர் என்றால் இரண்டு எண்களை ஒன்றாய்க் கட்டிய பொட்டலம். எக்ஸ் இடம்வலம், வை மேல்கீழ். வலப்பொத்தானை அமத்தினால் (1, 0). மேல்பொத்தானையும் சேர்த்து அமத்தினால் (1, 1). அதன் நீளம் ஒன்று அல்ல, ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அதை அப்படியே வேகத்தால் பெருக்கினால் தோணி பாயத்தான் செய்யும். முதலில் நீளத்தை ஒன்றாக்கிவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

இதையெல்லாம் அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லோரையும் கூப்பிட்டுவைத்துச் சொன்னேன். காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

எனக்கு வெக்டர் பிடிக்கும். திசையும் அளவும் மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆளின் முகம் பார்த்துக் கதைக்காது.

மே 13

நீளத்தை ஒன்றாக்கினான். ஆனால் தோணி சும்மா நிற்கும்போது வெக்டர் (0, 0) என்பதை யோசிக்கவில்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரித்தால் வருவது எண்ணே அல்ல. தோணி இருக்கும் இடமும் எண் அல்லாத ஒன்றாகிவிடும். அப்புறம் அதை எங்கே வரைவது? பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் ஸ்கிரீனில் வெறும் கடல்.

"தோணி எங்க?" என்றார் அக்ரம் நானா.

நான் சொன்னேன்: "ஸாஜித் மச்சான்ட குடும்பத்துத் தோணிதானே. நிண்டா காணாமத்தான் போகும்."

ஐந்து வருடத்துக்கு முன் இதே கச்சானில்தான் ஸாஜித்தின் வாப்பா போன தோணியின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. வேறு தோணிகளில் கூடப் போனவர்கள் கரைக்கு வந்தார்கள். மாமா வரவில்லை. தோணியின் ஒரு பலகைகூட வரவில்லை.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. விழட்டும். என்னைப் பற்றி அவர்கள் சொன்னதும் எனக்குக் காதில் விழுந்ததுதானே?

மே 14

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் அக்ரம் நானா. பிழை விட்டது அவன், மன்னிப்பு நானா?

மே 22

இன்றைக்குச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. காற்றுகளை எழுதிய இடத்தைத் திறந்து பார்த்தேன். கச்சான் என்று ஒரு வெக்டர், (-1, 0). மைனஸ்! அதாவது கச்சான் அடித்தால் தோணி கரைக்கு வருகிறது!

கச்சான் மேற்குக் காற்று என்று கேட்டிருக்கிறான், மேற்கே தள்ளும் என்று எழுதிவைத்திருக்கிறான். காற்றுக்குப் பெயர் அது வருகிற பக்கத்தை வைத்து. மேற்கிலிருந்து வந்து கிழக்கே, நடுக்கடலுக்குத் தள்ளும். கடற்கரையில் பிறந்த கோழிக்குக்கூடத் தெரியும்.

"மச்சான், கடலுக்குப் போறவர்ட மகன் நீங்க. கச்சான் எந்தப் பக்கம் அடிக்கும் எண்டு தெரியாதா?"

"அது அப்பிடியே இரிக்கட்டும் நபீலா," என்றான். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவுமில்லை.

பிழையைக் காட்டினால் சண்டை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருத்த வேண்டும். இதென்ன, அப்படியே இருக்கட்டும்?

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். உம்மா விடவில்லை, மாமி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மாமி பச்சைச் சாரி கட்டியிருந்தார். வெள்ளை கட்டியதே இல்லை, புருஷனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கிற அந்த நாலு மாதம் பத்து நாள் இத்தாவும் இருந்ததில்லை. காத்திருந்தது போதும், இனி இத்தா இருக்கலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் போன வருடமே சொல்லிவிட்டார். மாமி கேட்கவில்லை. "மையத்தக் காணாம எனக்கு என்னத்துக்கு இத்தா? அவர் வருவார்." உடல் கிடைக்காத வரை மாமிக்கு மாமா உயிரோடுதான். மாமாவின் சாரன் கழுவிக் கொடியில் காய்ந்தது. வாரத்துக்கு ஒரு தரம் கழுவுவாராம்.

பிறகு மாமி போனை எடுத்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் விளையாட்டு. ஸாஜித் போட்டுக் கொடுத்திருக்கிறான். இன்னும் சோதனைப் பதிப்புத்தான், தோணி இருக்கும் இடம் எண்ணாக மேல்மூலையில் ஓடும். மாமி தோணியைத் தூரத்துக்குக் கொண்டு போனார். எஞ்சினை நிற்பாட்டினார். கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சான் அடித்தது.

"இஞ்ச பாருகா. இந்த எண் சின்னதாகச் சின்னதாகக் கிட்ட வாறார்."

'வருது' என்று சொல்லவில்லை. 'வாறார்' என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மைனஸ் பிழை அல்ல. ஸாஜித் தன் உம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது.

இரக்கம் வந்தது. உண்மையாகவே வந்தது. அந்த நேரம் பார்த்து மாமி வட்டிலப்பத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஸாஜித்துக்கு மருதமுனையில ஒரு புள்ளயப் பாத்திரிக்கம். வாய் துறக்காத புள்ள. நீயும் வாயக் கொஞ்சம் குறச்சியெண்டா உனக்கும் ஒண்டு வரும் மகள்."

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். உம்மா குனிந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 9

ஸாஜித் லீவு. அக்ரம் நானாவிடம் கேட்டேன்: "கச்சானத் திருத்தட்டா?"

"சரியானதத்தானே செய்யப் போற? செய்."

மைனஸை அழித்தேன். ஒரு விரல் வேலை. புதிய பதிப்பு பொழுது படுவதற்குள் எல்லோருடைய போனுக்கும் தானாகப் போய்விடும். மாமியின் போனுக்கும்.

தெரிந்துதான் செய்தேன். பிற்பாடு எனக்கு நானே வேறு கதை அளக்கக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

ஜூன் 11

காலையிலே ஸாஜித் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான்.

"உம்மா முந்தநாளேருந்து இடப்பொத்தான அமத்திப் புடிச்சிட்டே இரிக்கா. எஞ்சின் நிண்டா அந்தப் பொத்தான் வேல செய்யாதெண்டு அவக்குத் தெரியா. விரல் வீங்கிட்டு."

"சொல்லிக் குடுங்களன்."

"திருப்பி மாத்து நபீலா. உன்ட காலப் புடிக்கிறன்."

நாலு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள். ஆண்பிள்ளை, கண்ணெல்லாம் நீர்.

"சரியானத என்னெண்டு பிழையாக்கிற, மச்சான்?" என்றேன்.

அவன் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். பின்னேரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. விளையாட்டை வெளியிடப் போகிறவர்கள். இப்போதுதான் காற்று உயிரோடு இருக்கிறதாம், யார் எழுதியது என்று கேட்டார்களாம். அடுத்த விளையாட்டுக்கு நான்தான் தலைமை என்று அக்ரம் நானா சொன்னார்.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 14

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார், தனியாக. உள்ளே வரச் சொன்னதற்கும் வராமல் வாசலிலே நின்று போனை நீட்டினார். விரலில் துணி சுற்றியிருந்தது.

"நீதானாமே காத்தத் திருத்தின?"

ஏசுவார் என்றுதான் நினைத்தேன். பதிலெல்லாம் ஆயத்தமாக இருந்தது.

"ஓம் மாமி."

"இந்த எண் கூடிட்டே போகுது. எங்க போய் நிக்கும்?"

பார்த்தேன். தோணி ஸ்கிரீனை விட்டு எப்போதோ போய்விட்டது. நீலம் மட்டும்தான். மேல்மூலையில் எக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து மாமி அதை அணைக்கவே இல்லையாம், சார்ஜில் போட்டபடி வைத்திருந்தாராம்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆயிரத்தில் நிற்கும், லட்சத்தில் நிற்கும், எதையாவது.

"நிக்காது மாமி," என்றேன். "அங்கால கரையெண்டு ஒண்டும் எழுதல்ல."

"ஒண்டுமே இல்லயா?"

"இல்ல மாமி."

மாமி தலையை ஆட்டினார், கடைக்காரன் விலை சொன்னதைக் கேட்டுக்கொண்டது போல. போனை அங்கேயே படியில் வைத்துவிட்டு நடந்தார். பின்னால் ஓடிப்போய்க் கொடுக்கப் பார்த்தேன். "இனி எனக்கு அது தேவல்ல மகள்."

ஜூன் 15

றாஹிலா மாமி இத்தாவுக்கு இருந்துவிட்டார்.

ஜூன் 18

ஸாஜித் வேலைக்கு வந்தான். சொன்னதைச் செய்தான். பிழை ஒன்றும் இல்லை. இருந்தால்கூட நல்லது போல இருந்தது, சத்தம் போட்டிருப்பேன்.

அவன் போன பிறகு அந்த மைனஸைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தோணி தூரத்திலிருந்து ஆடி ஆடிக் கரைக்கு வந்தது. சகிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

ஜூன் 24

உம்மா மாமி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். வெள்ளைச் சாரியில் மாமி பாதியாகத் தெரிகிறாராம். ஆனால் இந்த ஐந்து வருடத்தில் நேற்றுத்தான் சரியாக நித்திரை கொண்டாராம். பார்க்க வந்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம்:

"ஊர் முழுக்க எனக்குப் பொய்யத்தான் சொன்னிச்சி. என்ட மகனும் சொன்னான். நபீலாட வாய் ஒண்டுதான் உண்மையச் சொன்னிச்சி. அந்த வாயவா நான் வேணாமெண்ட?"

மருதமுனைப் பேச்சை விட்டுவிட்டாராம். இத்தா முடிந்ததும் மாமியே நேரில் வந்து என்னைக் கேட்பாராம்.

"ஸாஜித் என்ன சொன்ன?" என்றேன்.

"உம்மாட விருப்பம்தான் அவன்ட விருப்பமாம். வேறொண்டும் கதைக்கல்ல. நல்ல புள்ள."

அவனுக்குத் தெரியும். காலைப் பிடிக்கிறேன் என்று அவன் சொன்னதும், நான் அவனுக்குச் சொன்னதும், எல்லாம். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடிந்தால் அவன் இந்த வீட்டுக்குத்தான் வந்து இருப்பான். இந்த விறாந்தையில், அந்தப் படிக்கு நேரே. கச்சான் வருடா வருடம் வரும்.

"ஓம் எண்டு சொல்லியனுப்பட்டா மகள்?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என்ன சொல்வது? எங்கிருந்து தொடங்குவது? எனக்கா பதில் வராது? உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"கன்னிப் புள்ள வாய மூடிட்டு நிண்டா சம்மதம்தானே. அல்ஹம்துலில்லாஹ், என்ட புள்ளைக்கும் வெக்கம் வந்திட்டு," என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.