ஒரு கை நீண்ட ஸ்வெட்டர்

என் அருமைக் கள்ளி வசந்தா,

ஏன் கள்ளி என்கிறேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் மில்லுக்கு நாம் வேலைக்குப் போகும் பஸ் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. உன் சீட்டில் என் டிபன் பையை வைத்துக்கொள்கிறேன். யாராவது உட்காரக் கேட்டால் எடுத்துவிடுகிறேன், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான்.

வீட்டில் நமக்கு ஊசியைத் தொடவும் நேரமில்லை, புத்தகத்தைத் திறக்கவும் நேரமில்லை. அதனால்தானே பஸ்ஸில் வைத்துக்கொண்டோம்? போகும்போது நீ கொலைக் கதையைப் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பாய், நான் பின்னுவேன். வரும்போது நான் வாசிப்பேன், நீ பின்னுவாய். ஸ்வெட்டர், மார்கழி விடியலில் கோவிலுக்குப் போய் நடுங்கிக்கொண்டு வரும் என் அண்ணனுக்கு. பள்ளிக்கூடத் தோழியாக இருந்தவள் அவரைக் கட்டி மதினியானாயே, உன் புருஷனுக்குத்தான். பருத்தி நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு கம்பளி நூலுக்கு மதுரைக்குப் போன கூத்தைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்.

உனக்கு இறுக்கிப் பின்னும் கை, எனக்கு லொடலொட. "ஏட்டி, இது ஸ்வெட்டரா, மீன் வலையா?" என்பாய்.

இடது கையும் கடைசி அத்தியாயமும் பாக்கி இருக்கும்போது நெஞ்சுவலி என்று போய்விட்டாய். அப்படி என்ன அவசரம்?

தனியாக முயன்று பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினால் கண்ணி நழுவுகிறது, கண்ணியைப் பிடித்தால் புத்தகம் மூடிக்கொள்கிறது. அதுகூடச் சாக்குதான். ஒருத்தி மட்டும் முன்னால் படிக்கக் கூடாது என்று சத்தியம் செய்தோமே. படித்து முடித்தால் நீ நிஜமாகவே போய்விடுவாய் என்று பயந்தேன்.

கண்டக்டருக்கு அது புரியவில்லை. "யக்கா, அந்த டாக்டர் சம்சாரத்தைக் கொன்னது யாருன்னு சொல்லிட்டுப் பொறவு அழுங்க" என்றார்.

மார்கழி நெருங்கியதும் ஒருநாள் அண்ணனே புத்தகத்தோடு பஸ் ஏறிவிட்டார்.

"நீ பின்னு செல்வி. நான் வாசிக்கேன்."

"நீங்க முன்னாடியே படிக்கலையே?"

"நான் எங்க படிச்சேன்? ஆனா கொன்னது யாருன்னு தெரியும். அவ எந்தப் புஸ்தகம் வாங்கினாலும் மொதல்ல கடைசிப் பக்கத்தப் படிச்சு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான தூங்குவா."

அடிப்பாவி. "தோட்டக்காரன்தான், எழுதி வச்சுக்கோ" என்று வாரக்கணக்கில் என்னோடு சண்டை போட்டாயே.

ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி அண்ணன் தினமும் ஒரு பக்கம் வாசித்தார். முடிக்கிற அன்றைக்கு ராஜபாளையம் ஸ்டாண்டில் நின்ற பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால், கொன்றது செத்தவளின் நாத்தனார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குத்தான் அத்தனை நாள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாயா? சிரித்துச் சிரித்து அழுதேன். நீ போன பிறகு மனசு விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கதை முடிய வேண்டாம் என்று பின்னிக்கொண்டே இருந்ததில் இடது கை விரல் நுனியைத் தாண்டிவிட்டது. பிரித்துச் சரிசெய்கிறேன் என்றேன். அண்ணன் கொடுக்கவில்லை. கோவிலில் கேட்டவர்களிடம், "இந்தக் கை எம் பொண்டாட்டி, இந்தக் கை எந் தங்கச்சி" என்றாராம். கண்ணைத் துடைக்க நீண்ட கைதான் வசதியாக இருக்கிறதாம்.

புதுப் புத்தகம் வாங்கிவிட்டேன். கடைசிப் பக்கத்தை அண்ணன் உன் படத்துக்கு முன்னால் நின்று வாசிப்பார். அதுவரை நான் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். இது சத்தியம், உன் சத்தியம் மாதிரி இல்லை.

இதுவரை யாரையும் கொல்லாத
உன் நாத்தனார்,
செல்வி