ஏழு நாள் நிற்கும் எண்ணெய்

மாப்பிள்ளை,

காலையிலிருந்து எங்கள் அடுப்பில் நொச்சித்தழை எண்ணெய் காய்கிறது. என் தங்கச்சி காய்ச்சுகிறாள். அந்த வாடை உமக்குத் தெரியும். வேப்பெண்ணெய்க் கசப்பு முதலில் வரும், அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு நொச்சி வரும். முன்பென்றால், இந்த வாடை தானே மலையிறங்கிப் போய்ச் சேந்தமங்கலம் சந்தையில் நின்று நாலு பேரைத் தும்மவைத்தது என்று ஒரு கதை கட்டியிருப்பேன். இன்றைக்கு வாடை மூக்குக்கு வந்தது. வந்து அப்படியே இருக்கிறது. அவ்வளவுதான்.

"அண்ணா, சடசடப்பு நின்னுபோச்சு. பதம் பாரு," என்றாள்.

"நின்னா இறக்கிரு."

"அவ்வளவுதானா? எமனோட எருமெ இந்த வாடைக்கு மிரண்டு பள்ளத்துல உளுந்ததெச் சொல்லலியா?"

"இறக்கு புள்ளெ."

கரித்துணியைத் தேடி எடுத்தாள். பிறகு இறக்கினாள்.

அடிவாரத்து மிளகு வியாபாரியாகிய உமக்கும், இம்மலைக்கே மாமாவாகிய எனக்கும் உறவென்று எதுவும் கிடையாது. தங்கச்சி பிள்ளைகள் என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, வந்த முதல் நாளே நீரும் "ஏனுங்க மாமா, மிளகு காஞ்சுதுங்களா?" என்றீர். சும்மா விடுவேனா? "வாங்க மாப்பிள்ளெ, பொண்ணெ இன்னும் நான் பெக்கலீங்க," என்றேன். உமது தாடிக்கு மட்டுமே என்னைவிட நாலு வயது கூட இருக்கும். அன்றைக்கு நீர் சிரித்த சிரிப்பில் திருப்புலி நாட்டிலிருந்து தேவனூர் நாடு வரைக்கும் பலாக்காய் உதிர்ந்தது. இப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் ஒரு கோழி மட்டும் பயந்து ஓடியது.

கீழ்நாட்டார் யாரும் இங்கே பொழுது சாயும்வரை நிற்கமாட்டார்கள். மலைக்காய்ச்சல் பயம். நீரும் அப்படித்தான். உச்சிவெயில் தாழ்வதற்குள் சுமைக்காரர்களை முன்னால் விட்டு, குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு இறங்கிவிடுவீர். அப்படியும் வருஷத்துக்கு ஒருமுறை காய்ச்சல் உம்மை வீடு தேடிவந்து மடக்கியது. தபாலாபீசில் விற்ற கொயினா மாத்திரையைத் தின்றுவிட்டு எழுந்து வருவீர்.

பிறகு சண்டை வந்தது. கொயினா மரம் விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்தான். அவன் எங்கேயோ ஒரு தீவைப் பிடித்ததற்கு நம் தபாலாபீசில் கொயினா இல்லாமல் போனது. கிடைத்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதாம்.

"கொயினா இல்லாம மலைக்கு எப்படிங்க மாமா வர்றது? ஊட்டுல போகாதேங்கறாங்க. வராட்டி அடுப்பு எரியாதுங்க," என்றீர்.

"கொயினா என்ன கொயினா. நம்ம எண்ணெ இருக்கறப்ப ராசாவுக்கே கொயினா எதுக்கு?" என்றேன்.

மறு தடவை வரும்போது வேப்பெண்ணெயும் கற்பூரமும் கொண்டுவந்தீர். இந்தக் குளிரில் வேப்பமரம் அவ்வளவாக வராது, அது உங்கள் ஊர்ச் சரக்கு. நொச்சியும் துளசியும் எலுமிச்சம்புல்லும் என் பங்கு. சட்டைக் கையை மடித்துவிட்டு நீரே உரலில் தழையை இடித்தீர். பிழிந்த சாற்றை எண்ணெயில் ஊற்றியதும் அது சீறியது. "உங்களாட்டவே கத்துதுங்க மாமா," என்றீர். சாற்றில் இருக்கும் தண்ணீர் வற்றுகிறவரை சடசடக்கும், சத்தம் அடங்கினால் பதம், இறக்கிக் கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு கற்பூரத்தைப் போட வேண்டும் என்று நான் சொன்னேன். இதில் ஒன்றும் பொய் இல்லை. பொய் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

எங்கள் கொசு இரண்டு சேர்ந்தால் ஒரு வெள்ளாட்டைத் தூக்கிக்கொண்டு போகும், அப்பேர்ப்பட்ட கொசுவே இந்த எண்ணெயை மோந்துவிட்டுத் துறையூர்ப் பக்கம் குடிபோய்விட்டது என்றேன். ஒருமுறை பூசினால் ஏழு நாள் நிற்கும் என்றேன்.

"நீங்க சொல்றதுல பாதியெ இங்கயே இறக்கிவெச்சுட்டுத்தானுங்க நான் மலையிறங்கறது. மொத்தமும் தூக்குனா இடுப்பு ஒடிஞ்சிரும்," என்றீர்.

எண்ணெய் வந்த பிறகு உமக்குத் தைரியம் வந்தது. அந்த மாசியில், காலமில்லாத காலத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. மிளகு காயவில்லை. ஈர மிளகை மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். விட்டுப் போனால் வேறு வியாபாரி வந்து அள்ளிக்கொள்வான். "மூணு நாள் தங்கிர்றேனுங்க மாமா," என்றீர். நான் கொட்டகையில் உமக்குப் பாய் விரித்தேன். சாணிவரட்டியில் நொச்சிச் சருகைப் போட்டுப் புகையும் மூட்டினேன். கொட்டகைக்குள் ஒரு கொசு இல்லை. இதையும் உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் நீர் தொழுதது கொட்டகையில் இல்லை, ஓடைக்கரைப் பாறையில். பகலெல்லாம் எண்ணெய் பூசி மினுமினுவென்று இருந்தீர். பொழுது சாயும் நேரம், தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய ஓடைக்குப் போனீர். பாதிவழியில் நின்று, "எண்ணெ இருந்தா தண்ணி தோல்ல படாதுங்களே," என்று உமக்கே சொல்லிக்கொண்டு திரும்பிவந்து, தங்கச்சியிடம் ஒரு பிடி அரப்பு வாங்கிப் போனீர். முகம், முழங்கை வரைக்கும் கை, கணுக்கால் வரைக்கும் கால். தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர். கொசு எந்த இடத்தைத் தேடுமோ அந்த இடமெல்லாம் வெறுந்தோல் ஆனது. அது எந்த நேரத்தில் தேடுமோ அதே நேரத்தில்.

கரையில் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீர் கேட்கவும் கேட்டீர்.

"தொழுதுட்டு திரும்பப் பூசோணுங்களா மாமா?"

"எதுக்கு? நம்ம எண்ணெ எலும்புக்குள்ள எறங்கிருச்சு. ஏழு நாளைக்குப் பேச்சே இல்லெ. ஓடையிலெ மீனெல்லாம் இந்நேரம் வேப்பெண்ணெ குடிச்சு வாந்தி எடுக்குது பாருங்க."

நீர் சிரித்தீர். "உங்க ஏழு எனக்கு மூணரைங்க. நான் மூணு நாள்தானே இருக்கப்போறேன்," என்றீர். துண்டை விரித்தீர்.

என் பேச்சை அளக்க நீர் வைத்திருந்த படி அதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் அது சரியாகவே இருந்தது.

மூன்று நாளும் அப்படியே நடந்தது. மிளகு காய்ந்தது. நீர் இறங்கினீர். இருபது இருபத்தைந்து நாள் கழித்து உமது சுமைக்காரர் ஒருவர் தனியாக ஏறிவந்தார். நான் ஏணிமேல் நின்று கடைசிக் கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன்.

"பாய் தவறிட்டாருங்க. மலைக்காய்ச்சலுங்க. பத்து நாள் தூக்கித் தூக்கிப் போட்டுது. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க. எண்ணெ மேல குத்தமில்லீங்களாம். அவருதான் சரியாப் பூசலைபோலன்னாருங்க."

கேட்டுக்கொண்டேன். இறங்கவில்லை. அந்தக் கொடியில் மீதி இருந்த மிளகைப் பறித்து முடித்தேன். நான் அழுதால் ஆகாயகங்கை அருவிக்கு இரண்டாம் அருவி கிளம்பும் என்று எதிர்பார்த்து அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து எதிர்பார்த்தேன். வரவில்லை. சோறு சாப்பிட்டேன். சோறு சோறாக இருந்தது. இரண்டு அறுவடை ஆகிவிட்டது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது உமது மூத்த மகன் வியாபாரம் பார்க்கிறான். போன மாசியில் வந்தான். அவனுக்கும் காயாத மிளகு, அவனுக்கும் அதே பாறை. அவன் தொழுது எழும்வரை குப்பியோடு நின்றேன்.

"கையெ நீட்டு சாமி."

"முன்னயே பூசிட்டேனுங்க மாமா."

"தண்ணி பட்டாப் போயிரும். படாட்டியும் ரெண்டு நாழி, அதுக்கு மேல நிக்காது."

அவன் சிரித்தான். "என்னங்க மாமா, எங்க அத்தாகிட்ட ஏழு நாளுன்னீங்களாமே. காய்ச்சல் வர்றதுக்கு முன்னால ஊட்டுல அத்தாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. பாதியெத்தான் எடுத்துக்கிட்டேன்னு."

"பாதியும் இல்லெ சாமி. அவரு கழுவிட்டுத் திரும்பப் பூசோணுமான்னு கேட்டாரு. வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். தமாசுக்குச் சொன்னேன்."

அவன் உள்ளங்கையில் நான் ஊற்றியிருந்த எண்ணெய் விரலிடுக்கில் ஒழுகிப் பாறையில் சொட்டியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மீதியை முழங்கை வரைக்கும் தேய்த்தான். கழுத்தில் தேய்த்தான். குனிந்தவன் நிமிராமலே கையை நீட்டினான்.

"இன்னொருக்கா ஊத்துங்க. காலுக்குப் பத்தலெ."

ஊற்றினேன்.

நாளைக்கு மறுபடி வருகிறான். பொழுது சாய்வதற்குள் நான் ஓடைக்கரைக்குப் போய் நிற்க வேண்டும்.

மாமா