வாய்க்கால் கரையில் பத்தடி பின்னால்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. தெருவெல்லாம் புழுதி. சுபுஹு தொழுதுவிட்டு வந்தால் மகள் சுமையா ஷூ போட்டுக்கொண்டு வாசலில் தயார். கையில் வெள்ளை ஸ்டிக். தென்னூர் வீட்டிலிருந்து வாய்க்கால் கரை நடைபாதை வரை என்னோடு ஸ்கூட்டரில். அங்கிருந்து பாலத்தடி கேட் வரை அவள் தனியாக. அப்படித்தான் பேச்சு.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பதினாலில் கண் நரம்பு வாட ஆரம்பித்தது. இப்போது வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியும். அந்த வருடங்களில் நான் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வீடியோ காலில் அவள் வேறெங்கோ பார்த்துப் பேசுவாள். கவனித்தேன். கேட்கவில்லை. ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

நல்ல பாதைதான். படி கிடையாது. சமமாகக் கல் பதித்திருக்கிறார்கள், சக்கர நாற்காலியில் ஒருவர் தினமும் வருகிறார். ஒரு பக்கம் முழுக்கக் கம்பித் தடுப்பு. ஆனாலும் நான் பார்த்தவை:

நாய், மூன்று. ஒன்று பாதை நடுவிலேயே தூங்குகிறது.
தாழ்ந்த புங்கங்கிளை. அவள் நெற்றி உயரம்.
தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர், கரை தளும்ப.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் போனேன். அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் பின்னால். உள்ளங்காலில் கல் குத்தி ரத்தம். எனக்கு முன்னால் நடந்த இருவர், ட்ரவுசர் போட்ட பெரியவர்கள்:

"முந்நூத்தம்பது சார் சுகரு."

"மாம்பழத்த விடுங்க மொதல்ல."

சுமையா அவர்களைத் தாண்டிப் போனாள். ஒருவர் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டினார். அவள் காதில் விழுந்திருக்கும். அவளுக்கு எல்லாம் கேட்கும்.

சென்னைப் படிவம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல். சுமையாவுக்கு ஆறு மாதக் கம்ப்யூட்டர் பயிற்சி, ஹாஸ்டலில் தங்கி. அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி. திங்கள்கிழமை கடைசி நாள். ரஹீமா படிவத்தின் மேல் பேனாவை எடுத்து வைத்திருக்கிறாள். என் மனைவி இப்படித்தான் பேசுவாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மாட்டிக்கொண்டேன். பாதி வழியில் சட்டென்று நின்றாள். திரும்பாமலே,

"அத்தா, உங்க முட்டி சத்தம் கேக்குது."

செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"மூணு நாளா கேக்குது. நீங்க பின்னாடி வந்தா இது தனியா நடக்குறதா? நீங்களே சொல்லுங்க."

"இல்லம்மா, நாய் இருந்துச்சு…"

"நாய் எனக்கும் தெரியும். அது மூச்சு விடுறது கேக்குது. நான் நடக்கும்போது வராதீங்கத்தா."

சரி என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாலத்தடி கேட்டில் காத்திருந்தேன். 6.10க்கு அந்த முனையில் இறக்கிவிட்டேன், 6.32க்கு வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு நிமிடமும் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அருகம்புல் ஜூஸ் வாங்கி, பாதியை அப்படியே வைத்துவிட்டேன்.

வந்தவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒரு எடத்துலயும் இடிக்கல!"

ஆகஸ்ட் 8, வெள்ளி

6.32. வரவில்லை.
6.40. வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்று தடவை.

ஓடினேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். அதை எழுதவே கை வரவில்லை.

பாதி வழியில் மெயின் ரோட்டுக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. அங்கே கீரை விற்கும் அம்மாவிடம் கேட்டேன்.

"குச்சி வச்சிருக்குற பொண்ணா? ஒருத்தர் கையப் புடிச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனாருங்களே. அது வேணாம் வேணாம்னுச்சு. பாவம், உதவி பண்றேன்னு அவரு கேக்கவே இல்ல."

எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். தனியாக. கொண்டுபோய் விட்டவரைக் காணோம். பஸ் ஹாரன் அடிக்க அடிக்க முகத்தை அங்கும் இங்கும் திருப்பினாள். எந்தப் பக்கம் வாய்க்கால் என்று தெரியவில்லை அவளுக்கு.

கூப்பிட வாய் திறந்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் கை காட்டினாள், பிறகு நாக்கைக் கடித்துவிட்டு வாயால் சொன்னாள். சுமையா ஸ்டிக்கை நீட்டினாள். காத்திருந்தாள். இறங்கினாள். நடுரோட்டில் ஒரு பஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து மறைத்தது. போனதும் பார்த்தேன், நிற்கிறாள், முழுசாக. நான் எந்தத் துவாவும் முடிக்கவில்லை, பாதியில் நின்றது.

வாசலைக் கண்டுபிடித்து உள்ளே வந்தாள். கீரைக்கார அம்மாவுக்குக் கண்ணாலேயே ஜாடை காட்டினேன், சொல்லாதே என்று. ஸ்டிக்கால் தடவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். துப்பட்டாவை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். தோள் குலுங்க அழுதாள். நான் புங்க மரத்துக்குப் பின்னால், முட்டியை மடக்காமல். அவளிடம் போகவில்லை. அவள் பாட்டில் தண்ணீரில் முகம் கழுவி எழுந்ததும், ரோட்டு வழியாக ஓடி அவளுக்கு முன்னால் கேட்டுக்குப் போய் நின்றேன்.

"லேட்டாயிடுச்சுத்தா. ஒரு ஃப்ரெண்டோட பேசிக்கிட்டு இருந்தேன். போன் சைலன்ட்ல இருந்துச்சு. ஏன் ஒங்களுக்கு மூச்சு வாங்குது?"

"சும்மா… இங்கயே நடந்துக்கிட்டு இருந்தேன்."

இருவரும் பொய். ஜும்ஆ தொழுகையில் என்ன ஓதினார்கள் என்றே தெரியாது.

ஆகஸ்ட் 9, சனி

மழை வரும்போல் இருந்து வரவில்லை. நடக்கப் போகவில்லை, கால் வலி என்றாள்.

ரஹீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரிலேயே இப்படி என்றால் சென்னையில் யார் கையைப் பிடித்து எங்கே விடுவார்கள் என்று கத்தினேன். அவள் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."



ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு சொன்னேன். மாடியில் உட்கார்ந்து காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கீரைக்காரம்மா, பஸ் ஸ்டாப், ரோடு, எல்லாம். துணியை மடிப்பது நின்றது.

"அழுததயும் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"எவ்ளோ தூரத்துல இருந்தீங்க?"

"பத்தடி."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். சத்தியத்தைக் காப்பாற்றத்தான் கிட்டே வரவில்லை என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒரு துப்பட்டாவை எடுத்து உதறினாள். பிறகு மெதுவாக,

"வந்திருக்கலாம்லத்தா."

"நீதானம்மா வராதீங்கன்னு…"

"நடக்கும்போது வராதீங்கன்னேன். ஒக்காந்து அழும்போதுமா?"

தம்மாமுக்கும் சேர்த்துக் கேட்டாளா, தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மடியில் பாதித் துணியைத் தூக்கிப் போட்டாள். மடித்தோம்.

"சென்னையில அழுகை வந்தா?"

"வரும். போன் பண்ணுவேன். அறிவுரை சொல்லாம கேளுங்க, போதும்."

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று குறைந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பயம் போகவில்லை, பயத்தோடுதான் போட்டேன். ரஹீமா படிவத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கவரில் வைத்தாள்.

6.10க்கு இறக்கிவிட்டேன். கேட் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போது 6.34. இன்னும் காணோம்.

6.36. ஸ்டிக் சத்தம் மாதிரி ஒன்று. வேறு யாரோ, கைத்தடிப் பெரியவர்.

6.37. தேடிப் போக நான் எழுந்திருக்கவில்லை.