கோட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி

சனிக்கிழமை மதியம் கையில் பட்ட பெட்ரோல் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். சோறு பிசையும்போது மறுபடியும் வந்தது. உங்கள் சட்டையிலும் தலையணையிலும் எத்தனையோ வருடம் இருந்த வாசனை அது. நீங்கள் போய் இரண்டாவது வருடம் நடக்கிறது. இந்த வீட்டில் அது எங்கேயும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கடலூரிலிருந்து ஒருவர் நம் காண்டஸா காரைப் பார்க்க வந்திருந்தார். பழைய கார்களைத் தேடி வாங்குகிறவராம், ஐம்பது வயதிருக்கும். ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகிற ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. நானே முடுக்கினேன், அப்போதுதான் கையில் பட்டது. முதல் செல்ஃபிலேயே எடுத்துக்கொண்டது. அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்தபடி கேட்டார்: "இத யாரும்மா டியூன் பண்ணாங்க? கால வச்சா ரேஸ் வண்டியாட்டம் பாயுது. கூட்டத்துல போனா டாக்சியாட்டம் பொறுமையா இருக்குது. ரெண்டும் ஒண்ணா வராதே."

என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். விற்பதற்கில்லை என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் கேட்டதற்கு நான் சொன்னது பாதி பதில். மீதியை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நெய்வேலியில் யாரோ ஓர் அதிகாரி ஓட்டிவிட்டுப் போட்டு வைத்திருந்த காரை நீங்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. செராமிக் கம்பெனிகளுக்கு அச்சு கடைந்து கொடுக்கும் உங்கள் லேத் பட்டறையில், கூரைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு அது நின்றது. நீளமான முன்பக்கம், தாழ்ந்த உடம்பு. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, கழுவி, மறுபடி பூட்டினீர்கள். எனக்கு அப்போதும் இதே செராமிக் கம்பெனிதான், இதே வேலைதான். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் விழுந்ததைச் சத்தத்தில் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அந்தக் காதை நீங்கள் உங்கள் எஞ்சினுக்கும் வாங்கிக்கொண்டீர்கள். வேலை முடிந்து வரும் என்னைப் பானெட் பக்கத்தில் நிறுத்தி, "கேட்டுச் சொல்லும்மா, எங்கயாச்சும் தடுமாறுதா?" என்பீர்கள்.

சென்னைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதையில் கார்களை இரண்டிரண்டாக நிறுத்தி, கால் மைல் தூரம் நேராக ஓடவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு உங்கள் பேச்சே மாறிப்போனது. வளைவு கிடையாது, பிரேக் கிடையாது, நிற்கிற இடத்திலிருந்து கோட்டைத் தாண்டுகிற வரை வேகம் மட்டும்தான். எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றக் கேம் ஷாஃப்ட்டைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி அரைத்து வாங்கினீர்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வந்தது. பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரத்தை மாற்றினீர்கள். முதல் தடவை போனபோதே குறைந்த நேரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டு வந்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கார் பிறகு வீட்டுக்கு உதவவில்லை. வேகமாகப் போனால் ராஜா, மெதுவாகப் போனால் பிணக்கு. ஸ்லோவில் நிற்காது. நம் ஊர்ப் பாலக்கரையில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், அணைந்துவிடாமல் இருக்க நீங்கள் ரேஸ் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். கிளட்ச்சை மிதிக்க இரண்டு கால் வேண்டும் போலிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மாதா கோயிலுக்கு ஒரு தெரு முன்னாலேயே அணைத்துவிட்டு நடப்போம், சாமியார் பிரசங்கத்தில் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று. நான் சிரித்துக்கொண்டுதான் நடந்தேன்.

பிறகு நான் உண்டானேன். நான்கு வருடம் காத்திருந்து வந்தது. மூன்றாம் மாதம் முடிகிற நேரத்தில் அடுத்த பந்தயம் வந்தது. எடை குறைக்க வேண்டுமென்று பின் சீட்டைக் கழற்றினீர்கள். எஞ்சினோடு சுற்றுகிற விசிறி வேகத்தைத் தின்கிறது என்று அதையும் கழற்றினீர்கள். எஞ்சின் சூடு ஆற ஓடும்போது வருகிற காற்றே போதும், ஒரு வாரம்தானே, போய்விட்டு வந்து மாட்டிவிடுகிறேன் என்றீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்வது கஷ்டமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்டீர்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கையில் ஸ்பேனரோடு கீழே படுத்திருந்தீர்கள்.

அந்தப் புதன்கிழமை காலையில் எனக்கு உதிரப்போக்கு தொடங்கியது. இங்கே பார்த்த நர்சம்மா, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். சீட்டு இல்லாத பின்பக்கத் தகரத்தில் போர்வையை மடித்துப் போட்டு என்னைப் படுக்கவைத்தீர்கள். கம்மாபுரம் வரை கார் பறந்தது. சேத்தியாத்தோப்பில் சந்தை. கூட்டுரோட்டில் நெல் மூட்டை வண்டிகள், பஸ்கள், காய்கறிக் கூடைகள், மனிதர்கள். கார் நின்றது. நின்ற காருக்குக் காற்று இல்லை. சூடு ஏறி, இரண்டு தடவை உறுமிவிட்டு அணைந்தது. நீங்கள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். என் முதுகுக்குக் கீழே தகரம் கொதித்தது. எனக்கு உங்கள் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. பிறகு நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினீர்கள். ஒரு பஸ்ஸின் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தி, பின் படியில் ஏற்றிக்கொண்டார். யாரோ ஓர் அம்மாள், கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, என் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். சிதம்பரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக ஆகிவிட்டது.

குழந்தை இல்லை என்று சொன்னார்கள்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனி வருவது தெரியாது.

மறுநாள் காலை நீங்கள் எனக்கு இட்லி வாங்க வெளியே போயிருந்தீர்கள். டாக்டரம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வழியில் கார் நின்றதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க எப்ப வந்திருந்தாலும் இதுதாம்மா. உள்ள ரெண்டு மூணு நாளு முன்னாடியே துடிப்பு நின்னுருக்குது. கார் நின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க வீட்டுக்காரர் ரொம்ப ஒடஞ்சி போயிருக்காரு, அவருகிட்டயும் சொல்லிடுங்க."

நீங்கள் இட்லிப் பொட்டலத்தோடு வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்தீர்கள். நான் சொல்லவில்லை.

கோபம்தான். ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். என்னைத் தகரத்தில் படுக்கவைத்தீர்களே என்ற கோபம். சீட்டைப் பற்றி நான் சொன்னது உங்கள் காதில் விழவில்லையே என்ற கோபம். கொஞ்ச நாள் வலிக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஒரு வாரம் போனது. அதற்குள் நீங்கள் சேத்தியாத்தோப்பிலிருந்து காரை இழுத்து வந்து பட்டறையில் போட்டுத் தார்ப்பாய் மூடியிருந்தீர்கள். ஒரு மாதம் போனது. அப்புறம் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆறேழு மாதம் கழித்துத் தார்ப்பாயை எடுத்தீர்கள். காரை விற்றுவிடப் போகிறீர்கள் என்று நினைத்தேன். முதலில் பின் சீட்டை மாட்டினீர்கள். புதுத் துணி போட்டுத் தைத்து, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அதை மாட்டினீர்கள். அன்று சாப்பிடும்போது சொன்னீர்கள்: "வண்டின்னா கோட்டுக்கும் பதில் சொல்லணும், வூட்டுக்கும் பதில் சொல்லணும். நான் ஒண்ணத்தான் பாத்தேன்." அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி உங்கள் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு வாக்கியம் மட்டும்தான்.

இரண்டு வருடம் வேலை செய்தீர்கள். முரட்டுக் கேமை எடுத்துவிட்டு, கொஞ்சம் சாதுவாக அரைத்த கேம் போட்டீர்கள். இரண்டு கார்புரேட்டரில் ஒன்றைக் கழற்றினீர்கள். கரெண்ட்டில் ஓடும் விசிறியும் தடித்த ரேடியேட்டரும் வந்தன. ரோட்டிலும் அலறாமல், கோட்டிலும் சோர்ந்துபோகாமல் இருக்க எந்தப் பினியன் சரி என்று மூன்று முறை மாற்றிப் பார்த்தீர்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தது. வேகத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒவ்வொரு வாரமும் சந்தை நாளில் பட்டறையைப் பூட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் போனீர்கள். ஒருமுறை நானும் வந்தேன். வெயில் உச்சியில் இருக்கும்போது கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, அணைக்காமல், எஞ்சினுக்குச் சுமை கூட ஏசியையும் போட்டுவிட்டு, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். ஜன்னல் பக்கமாகப் பூசணிக்காய் விற்கிறவர் வந்து, வண்டி ரிப்பேரா என்று கேட்டார். இல்லைங்க, நல்லாத்தான் இருக்குது என்றீர்கள். உங்கள் நெற்றியில் வியர்வை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களை அந்த வெயிலிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கலாம். "எங்கயாச்சும் தடுமாறுதா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன்.

மறுபடி ஓடுபாதைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனீர்கள். மற்றவர்கள் தங்கள் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நாம் சாப்பாட்டுக் கேரியரோடு நம் காரிலேயே போய் இறங்கினோம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், அரை விநாடி குறையும் என்று பக்கத்துக் கார்க்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். "அது இருக்கட்டுங்க" என்றீர்கள். முதல் ஓட்டத்தில் ஜெயித்தீர்கள். இரண்டாவதில் ஒரு கார் நீளத்தில் தோற்றீர்கள். பழைய நேரத்தைவிட அந்த அரை விநாடிதான் அதிகம். நான் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று கைதட்டினேன். பின் சீட்டோடு ஒரு கார் கோட்டைத் தாண்டிப் போவதன் காரணம் அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்தக் காரணமே பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

திரும்பி வரும் வழியில், திண்டிவனம் தாண்டி, நீங்கள் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தீர்கள். "தோத்தாலும் பரவால்லம்மா. இனிமே நீ எப்ப ஏறி உக்காந்தாலும் இது நடுவுல நிக்காது." சொல்லிவிட வாயெடுத்தேன். டீ குடிக்கலாமா என்று கேட்டேன். நீங்கள் ஓரம் கட்டினீர்கள்.

நமக்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. நீங்கள் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. நான் சொல்வது எல்லாவற்றையும், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள். எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். உங்கள் குற்ற உணர்ச்சியில் நான் சுகமாக வாழ்ந்திருக்கிறேன்.

எனக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். போன வருடம் அந்தக் காலையில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தபோது, அதனால்தான் நானே உங்களைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினேன். அன்று சந்தை இல்லை. சேத்தியாத்தோப்பு கூட்டுரோடு காலியாகக் கிடந்தது. அன்றைக்கு எந்தக் கார் என்றாலும் போயிருக்கும். வெள்ளாற்றுப் பாலத்தில் கண்ணாடியில் உங்களைப் பார்த்தேன். கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள்.

"ஒண்ணு சொல்லணுங்க" என்றேன்.

"ரோட்டப் பாரும்மா. அப்பறமா சொல்லு."

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நான் நின்றேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறைக்குப் போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். பக்கத்தில் யாராவது மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். யாருமில்லாத நாளிலும் வாய் வருவதில்லை. பூ வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். வீட்டில் ஒருத்திக்குச் சமைக்கிறேன், கம்பெனிக்குப் போகிறேன், கட்டைகளைத் தட்டிப் பார்க்கிறேன். டாக்டரம்மா உங்களுக்கென்று கொடுத்தனுப்பிய வார்த்தை இன்னும் என்னிடமே இருக்கிறது. கேட்க நீங்கள் இல்லாதபோதுதான் எனக்கு அதைச் சொல்லத் தைரியம் வந்திருக்கிறது.

கார் நின்றதால் எதுவும் போகவில்லை. உங்க மேல தப்பு இல்லைங்க.