பதினோரு கட்டைவிரல்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பது மேல்வீட்டுப் பெண் தன் போனில் காட்டும் உன் படங்களிலேயே தெரிகிறது, அதனால் அதைக் கேட்டுத் தாளை வீணாக்கவில்லை. நானும் நலம், முழங்காலைத் தவிர. உன் மகள் சுண்டு நலம் என்று மட்டும் எழுத மாட்டேன். ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் உன்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய் என்று எனக்கே தெரியாமல். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், அதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, மேல்வீட்டுப் பெண் இதைப் போனில் படமெடுத்து உடனே அனுப்பிவிடுவாள். உட்கார்ந்து படி.

பள்ளிக்கூடம் திறந்த மூன்றாவது வாரம் சுண்டுவின் டைரியில் வகுப்பு டீச்சர் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தாள், வீட்டிலிருந்து யாராவது வந்து பார்க்கவும் என்று. நான் படித்த கான்வென்ட்டில் அப்படிச் சீட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாசல் பக்கத்து அறையில் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பெற்றவர் நின்றுகொண்டிருப்பார், திரும்பும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போவார். என் அப்பாவுக்கு அந்த நிலை ஒருநாளும் வந்ததில்லை, உன்னாலும் எனக்கு வந்ததில்லை. அதனால் சீட்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுண்டுவைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் கூப்பிடும் அளவுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். அரைமணி நேரம் கழித்து யாருடைய ஸ்கேலையோ உடைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டது. அப்படி ஒரு ஸ்கேல் உடையவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் உட்கார விடுவேன் என்று கண்டுபிடித்திருக்கிறது உன் பெண். அன்று ராத்திரியே டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். குழந்தையின் தாய் வெளிநாட்டில் பொறுப்பான வேலையில் இருக்கிறாள், புகார் எதுவானாலும் அவளுடைய எண்ணுக்கு அனுப்பவும், எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கப்பட்டுப் பழக்கமில்லை என்று. கையெழுத்து நன்றாக வந்திருந்தது. அதை நினைத்து அன்று எனக்குப் பெருமை வேறு.

அவளும் சொன்னபடி செய்தாள். உன் எண்ணுக்கு அனுப்பினாள். என்ன அனுப்பினாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது, போன வாரம் என் கண்ணாலேயே படித்தேன். இந்த வருடம் தேறுவது சந்தேகம், இதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியிருக்கும் என்று அச்சடித்த தாள் வந்த பிறகுதான் நான் கிளம்பிப் போனேன், நல்ல உடை உடுத்தி, கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு. வாசல் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஒருவழியா வந்துட்டீங்களாம்மா, தெனமும் இந்த வழியாத்தான் காய் வாங்கப் போறீங்க, ஒரு தடவைகூட உள்ள திரும்பிப் பாக்க மாட்டேங்கறீங்களே, எங்க மேல ஏதோ கோவம்னுல்ல நெனச்சேன் என்றான். டீச்சர் சின்னப் பெண், முழங்கையில் சாக்பீஸ் தூள், என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள், நான் அவளுக்கு எந்த வழியில் ஆன்ட்டி என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். பெரியவர்கள் உட்கார அங்கே நாற்காலி கிடையாது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தாள், முதலில் இருந்தது என் கடிதம். அப்புறம் போனை நீட்டினாள்.

வலது பக்கம் நின்று கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை, காது வலி ஏதும் இருந்ததா என்று ஒரு செய்தி. கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறாள், டாக்டரிடம் காட்ட முடியுமா என்று ஒன்று. டிக்டேஷன் தாளின் படம் ஒன்று. பாட்டி வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறார், நீங்களாவது ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று ஒன்று. மொத்தம் பதினோரு செய்தி. ஒவ்வொன்றின் கீழும் நீ அனுப்பிய மஞ்சள் கட்டைவிரல். டீச்சர் சொன்னாள், அவங்க சரின்னு போட்டாங்க, அப்ப வீட்ல பாத்துப்பாங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி, அதுக்கு மேலயும் கேட்டா நீங்க தப்பா எடுத்துப்பீங்களோன்னு பயம் வேற என்று. நானும் விடவில்லை. எங்கள் வீடு இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு, நீ ஒருநாள் நடந்து வந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். எப்படி ஆன்ட்டி வருவேன், நீங்க எழுதின லெட்டர் அப்படி என்றாள்.

மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது காதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி, சீழாகி, உள்ளே இருக்கும் குட்டி எலும்பை அரித்திருக்கிறது. நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா மருந்துலயே போயிருக்கும்மா, வீட்ல யாரும் கவனிக்கலையா என்று கேட்டார். பெற்றவள் நர்ஸ் என்பதை அவரிடம் மறைத்துவிட்டேன். ஊரார் பிள்ளைகளின் காதிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பது உன் வேலை. உன் பிள்ளையின் காதைப் பற்றிப் பதினோரு முறை வாசல் தட்டியவளுக்கு நீ விரலைக் காட்டினாய், நான் முதுகைக் காட்டினேன். நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் போட்டேன் என்று நீ சொல்வாய். இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் என்று முடிவு கட்டி, கூப்பிட்டால் பதில் சொல்வேன் என்று ஐம்பது தடவை எழுத வைத்தவள் நான், எனக்கு எந்தத் தூக்கக் கலக்கமும் இல்லை.

ஆபரேஷன் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. இனி அரிக்காமல் நிறுத்தலாம், போனதில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். பெற்றவள் கையெழுத்து வேண்டுமாம். அதை எப்படி அனுப்புவது என்று மேல்வீட்டுப் பெண் ஏதேதோ வழி சொன்னாள், எனக்கு அது வேண்டாம். நீ வா. அப்பன் இருந்தும் இல்லாத பிள்ளை, அம்மாவும் ஒரு படமாக இருந்தால் போதாது. லீவு கிடைக்காது என்று எனக்கு எழுதாதே, சுண்டுவுக்கு எழுது.

பள்ளிக்கூட விஷயத்தில் நானும் டீச்சரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். புதன்கிழமை சாப்பாட்டு மணிக்குப் பிறகு பத்து நிமிடம் நான் போய் அந்தக் குட்டி நாற்காலியில் உட்காருகிறேன். ஒரு நோட்டு, அவள் வகுப்பில் பார்த்ததை எழுதுகிறாள், நான் வீட்டில் பார்த்ததை எழுதுகிறேன், புகாருக்கு அதில் இடமில்லை. அவளும் என்னைக் கண்டால் இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொள்கிறாள், நானும் அப்படித்தான், ஆனாலும் வேலை நடக்கிறது. சுண்டுவை வலது ஓரத்தில் முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டாள், நல்ல காது தன் பக்கம் இருக்கட்டும் என்று. வருடக் கடைசிப் பரீட்சைக்குள் விட்டுப்போன பாடத்தைப் பிடித்துவிடலாம், மேலே அனுப்பும்படி நான் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசுகிறேன் என்கிறாள். முதல் சீட்டுக்கு நான் போயிருந்தால் இதெல்லாம் அன்றைக்கே நடந்திருக்கும். டீச்சர் உன்னிடம் சனிக்கிழமை பேசுவதாகச் சொன்னாள். குரலில் பதில் சொல், விரலில் வேண்டாம்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். சுண்டுவின் பைக்குள் அடித்துணி ஓரம் பிரிந்திருந்தது, தைக்க எடுத்தால் உள்ளே ஆறு சீட்டு, எல்லாம் டீச்சர் எனக்கு அனுப்பியவை, நாலாக மடித்து ஒளித்து வைத்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன், இந்த முறை உட்கார வைத்துத்தான் கேட்டேன். ஸ்கூல்ல கூப்பிட்டா உங்களுக்கு அவமானமாயிடும்ல பாட்டி என்றது. எட்டு வயது. என் மானத்தை அது காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது, தன் காதைக் கொடுத்து.

உடம்பைப் பார்த்துக்கொள், டியூட்டி மாறும் நாளிலும் வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினேன் என்று நினைக்காதே, நிதானமாகத்தான் எழுதினேன். என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கேட்க வேண்டியதில்லை. இந்த ஞாயிறு ஆறு மணிக்குக் கூப்பிடும்போது, போனை இடது காதில் வை என்று முதலில் சுண்டுவிடம் சொல். போன் பேசும்போது நேராக நில், வலது கையில் பிடி என்று பழக்கியிருந்தேன், சிஸ்டர்கள் எனக்குப் பழக்கியது போல. அது மீறாது. ஐந்து மாதமாக உன் குரலைக் கேட்காத காதில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணி எண்ணி, பத்துக்கு ஒரு ம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா